பாபின் டப்பாவும் பத்து நிமிடமும்: ஆட்டிசம் உள்ள சின்னப் பிள்ளையோடு வீட்டில் விளையாடும் முறை

கோவில்பட்டியில் வீட்டிலேயே பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறேன். என் மகனுக்கு இப்போது 7 வயது. 2 வயது 8 மாதத்தில் அவனுக்கு ஆட்டிசம் என்று சொன்னார்கள். அதற்கு முன்னால் முழுசாக ஒரு வருடம் வீணாகப் போனது. "ஆம்பளப் பிள்ளை லேட்டாத்தான் பேசும்" என்று தெருவில் சொன்னார்கள், சொந்தக்காரர்கள் சொன்னார்கள், ஒரு டாக்டரும் சொன்னார். நாங்களும் நம்பினோம். நம்பத்தான் ஆசையாக இருந்தது.

ஆட்டிசம் என்று தெரிந்த பிறகு எல்லோரிடமிருந்தும் ஒரே அறிவுரைதான் வந்தது. "வீட்ல நிறையப் பேசுங்க, நிறைய விளையாடுங்க." பேசினேன். காலையில் எழுந்ததிலிருந்து ராத்திரி வரை பேசினேன். அவன் திரும்பியே பார்க்கவில்லை. எப்படிப் பேசுவது, எப்படி விளையாடுவது என்று சொல்லித்தர ஒரு ஆள் கிடைக்க இன்னும் 5 மாதம் ஆனது. அந்த அக்கா டாக்டர் இல்லை. வீடு வீடாகப் போய்ப் பயிற்சி கொடுப்பவர். நானும் அவனும் விளையாடுவதை என் போனிலேயே படம் பிடித்தார். பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து, அதை நிறுத்தி நிறுத்திப் போட்டுக் காட்டினார். அவரிடம் கற்றுக்கொண்டதையும், அப்புறம் நானே தேடிப் படித்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். 2 வயதிலிருந்து 5 வயது வரை உள்ள பிள்ளையை வைத்துக்கொண்டு, அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் நிற்கும் வீடுகளுக்காக இது.

இந்த முறைக்குப் பின்னால் ஆராய்ச்சி இருக்கிறது. இங்கிலாந்தில் மான்செஸ்டரைச் சேர்ந்த ஜோனதன் கிரீன் குழுவினர் இப்படிப் பெற்றோருக்கு வீடியோ காட்டிச் சொல்லித்தரும் 'பேக்ட்' என்ற முறையை, 5 வயதுக்குட்பட்ட 152 பிள்ளைகளின் குடும்பங்களை வைத்து ஆய்வு செய்தார்கள். 2010-ல் வந்த முதல் முடிவில், பெற்றோர் பிள்ளையோடு பழகும் விதம் நன்றாக மாறியிருந்தது. ஆனால் ஆட்டிசத்தின் அறிகுறிகளில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. சுமார் 6 வருடம் கழித்து அதே பிள்ளைகளில் 121 பேரை மறுபடி பார்த்தார்கள். பயிற்சி பெற்ற வீட்டுப் பிள்ளைகளுக்கு அறிகுறிகளின் தீவிரம் மற்றவர்களைவிடக் குறைந்திருந்தது. பிறகு அதையே நம் பக்கத்து நிலைமைக்கு ஏற்ப மாற்றி, கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 பிள்ளைகளின் வீடுகளில் 'பாஸ்' என்ற பெயரில் செய்து பார்த்தார்கள். சொல்லிக்கொடுத்தவர்கள் நிபுணர்கள் இல்லை. பயிற்சி பெற்ற சாதாரண ஊழியர்கள். 15 நாளுக்கு ஒரு முறை ஒரு மணி நேரம், மொத்தம் 12 முறை. பெற்றோர் பிள்ளையின் போக்குக்கு ஏற்பப் பேசுவது நன்றாகக் கூடியது. பிள்ளை தானாகவே பெற்றோரைத் தேடிவந்து தொடர்புகொள்வதும் கூடியது. இருவரும் ஒரே பொருளைச் சேர்ந்து கவனிக்கும் நேரம் மட்டும் கூடவில்லை, குறைந்திருந்தது. அதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள். அதனாலேயே எனக்கு அதன்மேல் நம்பிக்கை வந்தது. ஆட்டிசத்தைப் போக்கிவிடலாம் என்று அதில் யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லமாட்டேன்.

தொடங்குவதற்கு முன்னால் இரண்டு காரியம். முதலில் காது. பேசாத பிள்ளைக்குக் காது கேட்கிறதா என்று பெரா டெஸ்ட் எடுத்துவிடுங்கள். "டிவி சத்தத்துக்குத் திரும்புறானே" என்று விட்டுவிடாதீர்கள். இரண்டாவது, ஆட்டிச அறிகுறி இருக்கிறதா என்று பார்க்கும் எம்-சாட் கேள்வித்தாள். 16 மாதத்திலிருந்து 30 மாதம் வரை உள்ள பிள்ளைகளுக்கான 20 கேள்விகள். இலவசம்தான், தமிழிலும் இருக்கிறது. 3 முதல் 7 மதிப்பெண் வந்தால் கூடுதல் கேள்விகள் கேட்டு உறுதிசெய்ய வேண்டும். 8 அல்லது அதற்கு மேல் வந்தால் நேராகக் குழந்தை வளர்ச்சி மருத்துவரிடம் போக வேண்டும். இது சல்லடை மாதிரிதான்; இதை வைத்தே ஆட்டிசம் என்று முடிவு செய்துவிட முடியாது.

சோறு ஊட்டும்போது நிலாவைக் காட்டுவோம் இல்லையா? ஒரு வயதுக் குழந்தை நம் விரலை விட்டுவிட்டு நிலாவைப் பார்க்கும். கொஞ்ச நாளில் அதுவே விரல் நீட்டிக் காட்டிவிட்டு, நாம் பார்க்கிறோமா என்று நம் முகத்தைத் திரும்பிப் பார்க்கும். என் மகன் விரலையும் பார்க்கவில்லை, நிலாவையும் பார்க்கவில்லை. மொட்டை மாடியில் கிண்ணத்தோடு நின்றுகொண்டு, "வானத்துல எதையும் பிடிக்கலபோல" என்று நினைத்துக்கொண்டேன். ஒன்றரை வயதாகியும் விரல் நீட்டிக் காட்டவில்லை, பேர் சொன்னால் திரும்பவில்லை, சொல்லிக்கொண்டிருந்த வார்த்தைகள் நின்றுபோயின என்றால் தயவுசெய்து காத்திருக்காதீர்கள். கீழே சொல்லப்போவதைச் செய்ய டாக்டரின் சீட்டு வரும்வரை பொறுக்கவும் வேண்டாம். ஆட்டிசம் இல்லாத பிள்ளைக்கும் இதனால் கெடுதல் ஒன்றும் இல்லை.

சரி, எப்படித் தொடங்குவது?

ஒரு பாய் விரியுங்கள். டிவியை அணைத்துவிடுங்கள். பிள்ளை தூங்கி எழுந்து, சாப்பிட்டு, தெளிவாக இருக்கும் நேரமாகப் பாருங்கள். எங்களுக்கு அது சாயங்காலம் 4 மணி. பொருட்கள் மூன்று நான்கு போதும். அவனாகவே போய் எடுக்கும் பொருட்களாக இருக்க வேண்டும். நான் 3,800 ரூபாய்க்கு ஒரு 'அறிவு வளர்க்கும்' பொம்மை செட் வாங்கினேன். அவன் அதன் அட்டைப்பெட்டியைக்கூடத் தொடவில்லை. அவனுக்குப் பிடித்தது என் தையல் மெஷினின் பாபின் (நூல் சுற்றும் சின்னச் சக்கரம்) போட்டு வைத்த பழைய டப்பா, பாத்திர மூடி, இஞ்ச் டேப். எல்லாவற்றிலும் இரண்டு இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். அவன் கையில் ஒன்று, உங்கள் கையில் அதே மாதிரி ஒன்று. அவனிடமிருந்து பிடுங்காமல் அவன் செய்வதையே நீங்களும் செய்ய அது உதவும்.

போனை அரிசி டப்பாமேல் சாய்த்து வையுங்கள். உங்கள் முகமும் அவன் கையும் இரண்டுமே படத்தில் விழ வேண்டும். முதல் நாள் ஒன்றும் மாற்ற வேண்டாம், எப்போதும் போல 10 நிமிடம் விளையாடுங்கள். ராத்திரி அவன் தூங்கிய பிறகு, ஒரு தாளில் நடுவே கோடு போட்டுக்கொண்டு பாருங்கள். ஒரு பக்கம் நீங்கள் கேட்ட கேள்விக்கும் போட்ட உத்தரவுக்கும் கோடு. இன்னொரு பக்கம் அவனாக உங்களிடம் வந்ததற்குக் கோடு: உங்களைப் பார்த்தது, கையைப் பிடித்து இழுத்தது, ஒரு பொருளை நீட்டியது, சத்தம் கொடுத்தது, எதுவானாலும் சரி.

என் முதல் வீடியோவில் என் பக்கம் 43, அவன் பக்கம் 2. "இது என்ன? என்ன கலர்? இங்க பாரு. அம்மா சொல்லு. இப்படி வை. அம்மா சொல்லு." பத்து நிமிடத்தில் பத்து விநாடிகூட நான் சும்மா இருக்கவில்லை. பார்த்துவிட்டு அழுதேன். ஆனால் அந்த அக்கா அந்த 43-ஐப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆறாவது நிமிடத்தில் எனக்கு இருமல் வந்து வாயை மூடியிருந்த இடத்தில் படத்தை நிறுத்தினார். அந்த நேரத்தில் அவன் ஒரு பாபினை எடுத்து என் முழங்கால்மேல் வைத்திருக்கிறான். எனக்கு அது தெரியவே இல்லை. "இதப் பாருங்க, எவ்வளவு அழகா இருக்கு" என்றார். நீங்களும் அப்படியே செய்யுங்கள். முதலில் நன்றாக நடந்த ஒரு இடத்தைத் தேடுங்கள். அது எப்படி நடந்தது என்று பாருங்கள். மறுநாள் அதையே இன்னும் கொஞ்சம் அதிகமாகச் செய்யுங்கள். பேக்ட் முறையின் அடிப்படையே இதுதான்.

மாற்ற வேண்டிய முதல் விஷயம், அவன் பார்ப்பதை நாம் பார்ப்பது. நாம் காட்டுவதை அவன் பார்க்க வேண்டும் என்று இழுக்கக் கூடாது. மெஷினில் துணி ஓடும்போது கையை லேசாக வைத்துக்கொண்டு போக வேண்டும். அவசரப்பட்டு இழுத்தால் ஊசி முறியும். தையல் தெரிந்த எனக்கே இது புரிய நாளானது.

அவன் பாபினை உருட்டுவான். உருட்டிவிட்டுத் தரையில் கன்னத்தை வைத்துப் படுத்து, ஒரு கண்ணால் அது ஓடுவதைப் பார்ப்பான். அரை மணி நேரம் இதையே செய்வான். முன்பெல்லாம் தூக்கி உட்காரவைப்பேன். அன்றைக்கு நானும் எதிர்ப்பக்கம் சிமென்ட் தரையில் கன்னத்தை வைத்துப் படுத்தேன். தரை ஜில்லென்று இருந்தது. அவன் பாபின் சிவப்பு நூலை வால் மாதிரி இழுத்துக்கொண்டு என் பக்கம் ஓடிவந்தது. அந்த உயரத்திலிருந்து பார்த்தால் அது பெரிய சக்கரம் மாதிரி தெரிகிறது. அதன் ஓட்டைகள் வழியாக வெளிச்சம் மினுக்மினுக்கென்று வருகிறது. அவன் ஏன் பார்க்கிறான் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. என் பாபினை அவன் பக்கம் உருட்டினேன். ஒன்றும் பேசவில்லை. மூன்றாவது முறை பாதி வழியில் விரலை வைத்து நிறுத்தினேன். அவன் பாபினைப் பார்த்தான். என் விரலைப் பார்த்தான். அப்புறம் என் முகத்தைப் பார்த்தான். அரை விநாடி இருக்கும். "நின்னுடுச்சு" என்றேன். விரலை எடுத்தேன். "ஓடுது" என்றேன். அவ்வளவுதான். ஏழெட்டு வாரம் கழித்து அவன் வாயிலிருந்து வந்த முதல் தெளிவான சொல் "நின்னுச்சு". "அம்மா" வர இன்னும் நான்கு மாதம் ஆனது. அதில் எனக்கு வருத்தமில்லை.

பேச்சை எப்படி அளப்பது என்று அடுத்துச் சொல்கிறேன். வார்த்தையே இல்லாத பிள்ளைக்கு ஒற்றைச் சொல் போதும்: "ஓடுது", "விழுந்துச்சு", "ஐயோ". ஒற்றைச் சொல் வந்த பிள்ளைக்கு இரண்டு சொல்: "பாபின் ஓடுது". கேள்வியைக் குறையுங்கள், நடப்பதைச் சொல்லுங்கள். நான்கு முறை சொன்னால் ஒரு முறை கேட்கலாம் என்று எனக்கு நானே கணக்கு வைத்துக்கொண்டேன். இன்னொன்று, நம் பிள்ளைகளில் பலர் கேட்டதையே திருப்பிச் சொல்வார்கள். "தண்ணி வேணுமா?" என்று கேட்டால் "வேணுமா" என்பான். அதைத் திட்டாதீர்கள், அதுவும் பேச்சுதான். அவன் எப்படிச் சொல்ல வேண்டுமோ அப்படியே நீங்கள் சொல்லிவிடுங்கள். டம்ளரை நீட்டிக்கொண்டு "தண்ணி வேணும்" என்று சொல்லுங்கள். திருப்பிச் சொன்னாலும் சரியாகவே வந்துவிடும். உங்கள் கையைப் பிடித்துக்கொண்டுபோய் பிரிட்ஜ் கதவில் வைக்கிறானா? அவன் கேட்கிறான் என்று அர்த்தம். "திற" என்று சொல்லித் திறங்கள்.

முகவாயைப் பிடித்துத் திருப்பி "கண்ணப் பாரு" என்பது வேண்டவே வேண்டாம். சில பிள்ளைகளுக்குக் கண்ணைப் பார்ப்பதே கஷ்டமாக இருக்கும். பாபின் விளையாட்டில் வந்த அந்த அரை விநாடி தானாக வந்தது, அதற்குத்தான் மதிப்பு.

பிறகு, காத்திருப்பது. எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. ஒன்று சொல்லிவிட்டு மனசுக்குள் 10 வரை எண்ணுங்கள். முகத்தில் ஆசை தெரியட்டும், வாய் பேச வேண்டாம். இதற்கு நம் வீட்டுப் பழைய விளையாட்டுகள் மாதிரி எதுவும் இல்லை. உள்ளங்கையில் முழங்கையால் பருப்புக் கடைந்து, "அம்மாவுக்குக் கொஞ்சம், அப்பாவுக்குக் கொஞ்சம்" என்று விரல் விரலாகக் கொடுத்து, "நண்டு ஊறுது, நரி ஊறுது" என்று கையில் ஏறுவோமே, அது. ஒரு வாரம் ஒரு எழுத்து மாற்றாமல் அப்படியே விளையாடுங்கள். அடுத்து என்ன வரும் என்று பிள்ளைக்கு நிச்சயமாகத் தெரிய வேண்டும். அப்புறம் ஒரு நாள் "நண்டு ஊறுது..." என்று சொல்லிவிட்டு, முழங்கையிலேயே விரலை நிறுத்தி எண்ணத் தொடங்குங்கள். அவன் கையை அசைக்கலாம், சிரிக்கலாம், உங்கள் விரலைப் பிடித்துத் தள்ளலாம். எது வந்தாலும் அதைப் பதிலாக எடுத்துக்கொண்டு உடனே கிச்சுக்கிச்சு மூட்டுங்கள். தொட்டாலே கூசிப்போகிற பிள்ளை என்றால் இது வேண்டாம். சேலை ஊஞ்சலில் "ஒண்ணு, ரெண்டு..." என்று நிறுத்தலாம்.

பத்து நிமிடம் பழகிய பிறகு, தனியாக நேரம் ஒதுக்க வேண்டியதும் குறையும். குளிக்க ஊற்றும்போது ஒரு செம்புக்கும் அடுத்த செம்புக்கும் நடுவில் நிறுத்துங்கள். சட்டை மாட்டும்போது தலை உள்ளே போனதும் "எங்க காணோம்?" என்று நிறுத்துங்கள். உலக சுகாதார அமைப்பு 2 முதல் 9 வயதுப் பிள்ளைகளின் பெற்றோருக்காக உருவாக்கிய பயிற்சியிலும் விளையாட்டோடு அன்றாட வீட்டு வேலையைத்தான் பாடமாக வைத்திருக்கிறார்கள். அதில் 9 குழுக் கூட்டங்களும் 3 வீட்டு வருகைகளும் உண்டு.

வீட்டில் மற்றவர்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் ஒருத்தி தனியாக இதைத் தூக்க முடியாது.

என் அத்தை நாக்கில் வசம்பு தேய்த்தார், கோயிலுக்கு மணி வாங்கிக் கட்டினார். வாக்குவாதம் செய்து பிரயோஜனம் இல்லை என்று ஒரு நாள் அந்த பாபின் வீடியோவைப் போட்டுக் காட்டினேன். பேரன் முகம் திரும்பும் அந்த இடத்தை நான்கு முறை போடச் சொன்னார். மறுநாளிலிருந்து பருப்புக் கடைவது அவர் வேலையாகிவிட்டது. என்னைவிடப் பொறுமையாகக் காத்திருக்கத் தெரிந்தவர் அவர்தான். நீங்களும் வீட்டுப் பெரியவர்களிடம் ஆட்டிசம் என்றால் என்ன என்று வகுப்பெடுக்க வேண்டாம். ஒரு விளையாட்டை அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள். என் வீட்டுக்காரருக்கு ஞாயிற்றுக்கிழமைதான் லீவு. அன்றைக்குப் பாயில் அவர், போனோடு நான். அப்பாவும் மகனும் விளையாடுவதைக் குறை சொல்லாமல் படம் பிடிக்க நானும் பழக வேண்டியிருந்தது. பெரியவளுக்கு அப்போது 8 வயது. அவளுக்கென்று ராத்திரி ஒரு கால் மணி நேரம் வைத்தேன்; அதில் தம்பி பேச்சே கிடையாது. ஆட்டிசம் உள்ள பிள்ளைக்குப் பின்னால் பிறக்கும் தம்பி தங்கைகளில் சுமார் ஐந்தில் ஒருவருக்கு அது இருக்கலாம் என்று பெரிய ஆய்வுகள் சொல்கின்றன. அடுத்த குழந்தை இருந்தால் அதையும் ஒரு வயதிலிருந்தே கவனித்துப் பாருங்கள்.

"போனக் குடுத்துக் கெடுத்துட்டா" என்று என்னைச் சொன்னவர்கள் உண்டு. தாய்மேல் பழி போடுவது புதிதில்லை. 1943-ல் லியோ கேனர் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதி ஆட்டிசத்துக்குப் பெயர் சொன்ன பிறகு, பாசமில்லாத தாய்தான் காரணம் என்று பல வருடம் டாக்டர்களே சொல்லிக்கொண்டிருந்தார்கள். தானும் அப்படி ஒரு பிள்ளைக்குத் தகப்பனான பெர்னார்ட் ரிம்லாண்ட் என்ற உளவியலாளர் 1964-ல் ஒரு புத்தகம் எழுதி அதை மறுத்தார். சின்னப் பிள்ளை கையில் போன் கொடுக்காமல் இருப்பது நல்லதுதான். ஆனால் நீங்கள் இந்த முறையைக் கற்றுக்கொள்வதால், இதுவரை தப்பாக வளர்த்தீர்கள் என்று ஆகாது. உங்கள் பெரிய பிள்ளை அந்த 43 கேள்விக்கும் பதில் சொல்லி வளர்ந்திருக்கும். இவனுக்கு வேறு வேகம் வேண்டும், அவ்வளவுதான்.

வெளியே தெரபிக்குப் போகிறீர்கள் என்றால், உள்ளே என்ன நடக்கிறது என்று உங்களைப் பார்க்கவிடுகிறார்களா என்பதைத்தான் முதலில் கேளுங்கள். நாங்கள் போன ஒரு இடத்தில் கதவைச் சாத்திவிட்டு எங்களை வராண்டாவில் உட்காரவைத்தார்கள். "ஆறு மாசத்துல பேச வச்சிடுவோம்" என்று சொல்லி முன்பணம் வாங்கினார்கள். நகை அடகில் போனது. பிள்ளை உள்ளே அழுத சத்தம் மட்டும்தான் எங்களுக்குக் கேட்டது. இத்தனை மாதத்தில் குணமாக்குவோம் என்று தேதி சொல்பவர்களிடம் போகாதீர்கள். ஸ்டெம் செல் ஊசி என்று லட்சக்கணக்கில் கேட்பவர்களிடமும் போகாதீர்கள். ஆட்டிசத்துக்கு அதைப் பரிந்துரைக்க முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-லேயே சொல்லிவிட்டது. "வீட்ல இங்கிலீஷ் மட்டும் பேசுங்க, ரெண்டு மொழி குழப்பும்" என்றால் அதையும் கேட்க வேண்டாம். இரண்டு மொழி கேட்டு வளரும் ஆட்டிசப் பிள்ளைகள் அதனால் பின்தங்குவதாக ஆய்வுகளில் தெரியவில்லை. உங்களுக்குக் கொஞ்ச வரும் மொழியில் கொஞ்சுங்கள். பேச்சு வரவில்லை என்றால் படத்தைத் தொட்டுக் கேட்கப் பழக்குங்கள். சென்னையில் உருவான அவாஸ் செயலியில் தமிழும் இருக்கிறது. படம் பழகினால் பேச்சு நின்றுவிடும் என்ற பயம் தேவையில்லை.

அரசாங்க உதவிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாவட்ட அளவிலான அரசு மருத்துவமனைகளில் 'டெய்க்' என்று சொல்லப்படும் ஆரம்ப இடையீட்டு மையம் இருக்கும், அங்கே செலவில்லை. சென்னைக்குப் பக்கத்தில் முட்டுக்காட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசின் நிப்மெட் நிறுவனம் இருக்கிறது. எங்கள் பக்கம் என்றால் ஆய்க்குடி அமர் சேவா சங்கம் என்ற தொண்டு நிறுவனத்தின் ஊழியர்கள் கிராமங்களில் வீட்டுக்கே வந்து பயிற்சி கொடுக்கிறார்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்படி ஆட்டிசமும் 21 வகை ஊனங்களில் ஒன்று. இசா என்ற 40 கேள்விகள் கொண்ட அளவுகோலில் 70 அல்லது அதற்கு மேல் வந்தால் சான்றிதழும் அடையாள அட்டையும் வாங்கலாம். அதை வைத்து மத்திய அரசின் நிராமயா காப்பீட்டில் வருடத்துக்கு மொத்தம் 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவைக் கேட்கலாம்; அதற்குள் ஒரு வரம்பு வரை தெரபிச் செலவும் சேரும். பில்களை ஒன்றுவிடாமல் ஒரு பையில் போட்டுவையுங்கள்.

பிள்ளை பாயில் உட்காரவே மாட்டேன் என்று கத்தும் நாட்கள் வரும். அன்றைக்கு விட்டுவிடுங்கள். கட்டாயப்படுத்திப் பிடித்துவைத்தால் மறுநாள் பாயைப் பார்த்தாலே ஓடுவான். காய்ச்சல், பல் முளைப்பது, மலச்சிக்கல், ராத்திரித் தூக்கமின்மை எல்லாவற்றையும் பாருங்கள்; சொல்லத் தெரியாத பிள்ளைக்கு வலி இருந்தால் அது கத்தலாகத்தான் வெளியே வரும். உங்களுக்கு முடியாத நாளும் வரும். எனக்குத் தீபாவளி நேரத்தில் மெஷினை விட்டு எழுந்திருக்க முடியாது. அப்போது மெஷின் சக்கரத்தை அவன் கையில் கொடுத்துவிட்டு, ஊசியைக் கழற்றி வைத்துவிட்டு, "சுத்துது... நின்னுடுச்சு" என்று மட்டும் இரண்டு நிமிடம் விளையாடுவேன். அதுவும் கணக்கில் சேரும்.

மாதம் ஒரு முறை, அதே இடத்தில், அதே பொருட்களோடு, அதே பத்து நிமிடத்தை மறுபடி படம் பிடியுங்கள். மறுபடி தாளில் கோடு போட்டு எண்ணுங்கள். மூன்றாவது மாதம் என் பக்கம் 43 போய் 12 ஆகியிருந்தது. அவன் பக்கம் 2 போய் 9. நடுவில் இரண்டாவது மாதம் அவன் பக்கம் வெறும் 1 தான் இருந்தது, அன்றைக்கு மூக்கடைப்பு. எந்தத் தாளையும் தூக்கிப் போடாதீர்கள். தேதியும் நேரமும், அன்றைக்குத் தூங்கினானா, சாப்பிட்டானா என்பதும் ஓரத்தில் எழுதி வையுங்கள். அடுத்த முறை டாக்டர் "எப்படி இருக்கான்?" என்று கேட்கும்போது அந்தத் தாள்களை அவர் முன்னால் வையுங்கள்.